மேலே எந்த நிஷாதம்? செவன்த் கோர்ட்டுகளைக் கட்டவும் பெயர் சொல்லவும் ஒரு வழி

கார்த்திகை மழை விட்டும் விடாமலும் பெய்கிற நாட்களில் மட்டக்களப்பில் கரோல் பயிற்சிகள் தொடங்கிவிடும். போன வருடம் அப்படி ஒரு மாலை, புளியந்தீவில் ஒரு வீட்டு விறாந்தையில் பாடகர் குழு கூடியிருந்தது. கீபோர்ட்டில் இருந்தவன் என்னிடம் படிக்கிற பதினான்கு வயதுப் பையன். பாட்டுத்தாளில் ஓரிடத்தில் சி என்ற எழுத்தும் அதன் பக்கத்தில் சின்னதாக ஒரு 7உம் போட்டிருந்தது. அவன் சி, ஈ, ஜி, பி என்று நான்கு வெள்ளைக் கட்டைகளை ஒன்றாக அழுத்தினான். பாடிக்கொண்டிருந்த அக்காமார் அடுத்த அடியை எடுக்க முடியாமல் நின்றுவிட்டார்கள்.

"ஏன் சேர், 7 எண்டுதானே போட்டிருக்கு? சியில இருந்து எண்ணினா பி ஏழாவதுதானே?"

நியாயமான கேள்வி. அவன் எண்ணியதில் பிழையே இல்லை. ஆனால் அந்த இடத்தில் வேண்டியிருந்தது பி அல்ல. அதற்கு இடப்பக்கத்தில் ஒட்டியிருக்கிற கறுப்புக் கட்டை, பி ஃபிளாட். அது ஏன் என்று விளங்கிவிட்டால் செவன்த் கோர்ட்டுகளின், அதாவது ஒன்றாக ஒலிக்கிற நான்கு சுரச் சேர்க்கைகளின், பெயர்க் குழப்பத்தில் முக்கால்வாசி தீர்ந்துவிடும். அன்று அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். கீபோர்ட்டிலோ கிற்றாரிலோ நாலைந்து சாதாரணக் கோர்ட் பிடிக்கத் தெரிந்தால் போதும். நம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் பாடசாலையில் சங்கீதத்தை ஒரு பாடமாக எடுப்பவர்கள். அவர்களுக்கு இது இன்னும் லேசாக இருக்கும், ஏனென்றால் விடையின் பாதி அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

ஒரு கொப்பியும் பென்சிலும் எடுத்துக்கொண்டு கீபோர்ட்டுக்கு முன்னால் இருங்கள். கீபோர்ட் இல்லாவிட்டால் கைபேசியில் இறக்கிக்கொள்கிற பியானோச் செயலிகூடப் போதும்.

முதலில் எண்ணப் பழகுங்கள்

ஒரு கட்டையிலிருந்து அதை ஒட்டியிருக்கும் அடுத்த கட்டைக்குப் போவது ஒரு அரைச்சுரம். கறுப்பு, வெள்ளை என்று பார்க்க வேண்டாம். எது பக்கத்தில் இருக்கிறதோ அதுதான் அடுத்தது. கிற்றாரில் ஒரே கம்பியில் ஒரு ஃபிரெட் தள்ளினால் ஒரு அரைச்சுரம். சி-யில் தொடங்கி அடுத்த சி வரைக்கும் 12 அரைச்சுரங்கள். ஈ-க்கும் எஃப்-க்கும் நடுவிலும், பி-க்கும் சி-க்கும் நடுவிலும் கறுப்புக் கட்டை கிடையாது என்பதைக் கண்ணால் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

எண்ணும்போது பிள்ளைகள் விடுகிற பிழை ஒன்றுதான்: தொடங்குகிற கட்டையையே ஒன்று என்று எண்ணிவிடுவார்கள். அது பூச்சியம். வீட்டு வாசலில் நிற்கும்போது இன்னும் ஒரு அடிகூட நடக்கவில்லை அல்லவா, அப்படி.

சங்கீதம் படித்தவர்கள் இந்த எண்களைத் தெரிந்த பெயர்களோடு சேர்த்துவையுங்கள். சி-யை ஸட்ஜமாக (ஸ) வைத்தால் 3ஆவது அரைச்சுரம் சாதாரண காந்தாரம் (க), 4ஆவது அந்தர காந்தாரம், 7ஆவது பஞ்சமம் (ப), 10ஆவது கைசிகி நிஷாதம் (நி), 11ஆவது காகலி நிஷாதம். இடத்தைக் காட்டுவதற்கு மட்டுமே இந்தப் பெயர்களை எடுக்கிறேன். கர்நாடக சங்கீதத்தில் கோர்ட் என்ற ஒன்று இல்லை, கமகத்தோடு, அதாவது சுரத்தை அசைத்துப் பாடும்போது ஒரு நிஷாதம் அசையாமல் ஒரே இடத்தில் நிற்பதும் இல்லை. கீபோர்ட்டில்தான் எல்லாம் ஆணி அடித்த மாதிரி நிற்கும்.

பிறகு எழுத்துச் சங்கிலி

மேற்கத்தேய இசையில் சுரங்களுக்கு ஏ முதல் ஜி வரை ஏழே எழுத்துகள். கோர்ட் கட்டுவது என்றால் அந்த எழுத்துகளை ஒன்றுவிட்டு ஒன்றாக எடுத்து அடுக்குவது. தாட்டு வரிசையில் சுரங்களைத் தாண்டித் தாண்டிப் பாடுவோமே, அந்தப் பழக்கம் இங்கே கை கொடுக்கும். சி-யில் தொடங்கி ஒவ்வொன்றாகத் தாண்டிப் போனால் இந்தச் சங்கிலி வரும்:

சி, ஈ, ஜி, பி, டி, எஃப், ஏ, திரும்பவும் சி.

இதை மனப்பாடம் செய்யுங்கள். வாய்ப்பாடு மாதிரி, நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் வர வேண்டும். இந்தச் சங்கிலியில் எந்த எழுத்தில் தொடங்கினாலும் தொடர்ந்து வருகிற மூன்று எழுத்துகள் ஒரு சாதாரணக் கோர்ட். நான்கு எழுத்துகள் ஒரு செவன்த் கோர்ட். டி-யில் தொடங்கினால் டி, எஃப், ஏ, சி. ஜி-யில் தொடங்கினால் ஜி, பி, டி, எஃப். தொடங்குகிற எழுத்துதான் அடிச்சுரம். அதிலிருந்து எழுத்துகளை எண்ணினால் மற்றவை மூன்றாவது, ஐந்தாவது, ஏழாவது இடங்களில் விழும். செவன்த் என்ற பெயர் அந்த ஏழாவதால் வந்தது.

எழுத்து முதலில், ஷார்ப்பும் (ஒரு அரைச்சுரம் மேலே) ஃபிளாட்டும் (ஒரு அரைச்சுரம் கீழே) பிறகு. இந்த ஒழுங்கை மாற்ற வேண்டாம். டி-யில் ஒரு கோர்ட் கட்டும்போது மூன்றாவது சுரம் எஃப் ஷார்ப் ஆகலாம், ஆனால் ஜி ஃபிளாட் ஆக முடியாது. கட்டை ஒன்றேதான். என்றாலும் சங்கிலியில் டி-க்கு அடுத்தது எஃப், ஆகவே அது எஃப் குடும்பத்துப் பெயரோடுதான் வர வேண்டும். இது வெறும் எழுத்துச் சுத்தம் என்று நினைக்காதீர்கள். பெயரைப் பார்த்தவுடன் இது மூன்றாவது, இது ஏழாவது என்று கண்ணுக்குத் தெரிவதே இந்த ஒழுங்கால்தான்.

கீழே மூன்று சுரம்

செவன்த் கோர்ட் என்பது ஒரு சாதாரணக் கோர்ட்டின் மேல் இன்னொரு சுரத்தை ஏற்றி வைப்பது. கீழே இருக்கிற மூன்று சுரம் நான்கு வகை. அடியிலிருந்து 4, பிறகு 3 அரைச்சுரம் ஏறினால் மேஜர். 3, பிறகு 4 என்றால் மைனர். 3, 3 என்றால் டிமினிஷ்ட். இதில் பஞ்சமம் ஒரு அரைச்சுரம் கீழே இறங்கி, பிரதி மத்திமத்தின் இடத்தில் நிற்கும். 4, 4 என்றால் ஓக்மென்டட். கடைசி வகை அபூர்வமாகத்தான் வரும், இப்போதைக்கு மறந்துவிடலாம்.

மேலே ஏழாவது சுரம்: இங்கேதான் விஷயம்

ஏழாவது சுரத்தைக் கண்டுபிடிக்க அடியிலிருந்து 10, 11 என்று எண்ணிக்கொண்டு போக வேண்டியதில்லை. மேல் ஸட்ஜத்துக்குப் போங்கள், அதாவது அடிச்சுரத்தின் எட்டாவதுக்கு. அங்கிருந்து ஒரு அரைச்சுரம் பின்னால் வந்தால் மேஜர் ஏழாவது, காகலி நிஷாதம். இரண்டு பின்னால் வந்தால் மைனர் ஏழாவது, கைசிகி நிஷாதம். மூன்று பின்னால் வந்தால் டிமினிஷ்ட் ஏழாவது. அதற்கும் ஒரு பெயர் இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

சி-யில் பாருங்கள்: மேல் சி-யிலிருந்து ஒன்று பின்னால் பி, இரண்டு பின்னால் பி ஃபிளாட்.

இப்போது அந்தப் பையனின் கேள்விக்கு வருவோம். வெறும் 7 என்று எழுதியிருந்தால் அது கைசிகி நிஷாதம். எப்போதும், எந்த அடிச்சுரத்திலும். காகலி வேண்டுமென்றால் எழுதுகிறவர் மேஜர் 7 என்று தனியாகச் சொல்ல வேண்டும். பாட்டுகளில் கைசிகி ஏழாவதுதான் கூடுதலாக வரும், அதனால் சுருக்கமான பெயர் அதற்குப் போய்விட்டது என்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர்களில் ஆட்களை மாட்டிவைக்கிற முடிச்சு இன்னொன்று உண்டு. சி மேஜர் 7 என்ற பெயரில் மேஜர் என்ற சொல் யாருக்குச் சொந்தம்? ஏழாவது சுரத்துக்கு. சி மைனர் 7 என்ற பெயரில் மைனர் யாருக்குச் சொந்தம்? மூன்றாவது சுரத்துக்கு, காந்தாரத்துக்கு. ஒரே இடத்தில் நிற்கிற இரண்டு சொற்கள் இரண்டு வேறு சுரங்களைப் பற்றிக் கதைக்கின்றன. நான் படிக்கத் தொடங்கிய காலத்தில் இதை யாரும் எனக்கு இப்படிப் பிரித்துச் சொல்லவில்லை. மேஜர் 7க்கு எதிர்ப்பதம் மைனர் 7 என்று நினைத்துக்கொண்டு பல மாதம் அலைந்தேன். அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஆகவே ஒரு பெயரைக் கண்டால் இரண்டு கேள்வி கேளுங்கள். காந்தாரம் எது? மைனர் என்று இருந்தால் சாதாரணம், இல்லாவிட்டால் அந்தரம். நிஷாதம் எது? மேஜர் என்று இருந்தால் காகலி, இல்லாவிட்டால் கைசிகி. இரண்டு காந்தாரம், இரண்டு நிஷாதம், நடுவில் அசையாத பஞ்சமம். நான்கு கோர்ட் பிறந்துவிட்டது:

சி மேஜர் 7: சி, ஈ, ஜி, பி
சி 7: சி, ஈ, ஜி, பி ஃபிளாட்
சி மைனர் 7: சி, ஈ ஃபிளாட், ஜி, பி ஃபிளாட்
சி மைனர் மேஜர் 7: சி, ஈ ஃபிளாட், ஜி, பி

நான்காவதின் பெயரைக் கேட்டவுடன் பலருக்கும் தலை சுற்றும், மைனரும் மேஜரும் எப்படி ஒன்றாக இருக்கும் என்று. இப்போது உங்களுக்குச் சுற்றாது. மைனர் காந்தாரத்துக்கு, மேஜர் நிஷாதத்துக்கு. கௌரிமனோகரி, கீரவாணி ராகங்களில் இருக்கிற அதே சேர்க்கை.

தாளில் இவற்றைப் பலவிதமாகச் சுருக்கி எழுதுவார்கள். மைனருக்குச் சிறிய எம் எழுத்தோ ஒரு கழித்தல் குறியோ இருக்கும். மேஜருக்கு எம், ஏ, ஜே என்ற மூன்றெழுத்தோ பெரிய எம் எழுத்தோ ஒரு சின்ன முக்கோணமோ இருக்கும். கையால் எழுதிப் போட்டோப் பிரதி எடுத்த தாள்களில் சிறிய எம் எது, பெரிய எம் எது என்று பிரித்தறிவது கஷ்டம். நீங்கள் எழுதினால் தயவுசெய்து மூன்றெழுத்தாகவே எழுதுங்கள்; வாசிக்கப்போகிற பிள்ளைக்கு அது பெரிய உதவி.

வாயால் பாடிப் பாருங்கள்

விரல் கற்றுக்கொள்வதற்கு முன்னால் காது கற்றுக்கொள்ள வேண்டும். சுருதிப் பெட்டியையோ கைபேசித் தம்புராவையோ உங்களுக்கு வசதியான கட்டையில் போட்டுவிட்டு ஸ, க, ப, நி என்று ஏறி, நி, ப, க, ஸ என்று இறங்குங்கள். முதலில் அந்தர காந்தாரமும் காகலி நிஷாதமும். அடுத்து காந்தாரத்தை அப்படியே வைத்துக்கொண்டு நிஷாதத்தை மட்டும் கைசிகிக்கு இறக்குங்கள். அந்த ஒரு அரைச்சுரத்தில் முழுக் கோர்ட்டின் குணமும் மாறுவதை அப்போதுதான் உடம்பால் உணர்வீர்கள். மேஜர் 7 விடிகாலை வாவி மாதிரி, எங்கேயும் போக அவசரமில்லாமல் நிற்கும். வெறும் 7 அப்படி நிற்காது, அடுத்த இடத்துக்குப் போக வேண்டும் என்று தவிக்கும்.

அதன் பிறகு கீபோர்ட்டில் நான்கையும் சேர்த்து அழுத்தி, அந்த ஒலிக்குள் நிஷாதம் மட்டும் எங்கே இருக்கிறது என்று தேடிப் பாடுங்கள். பிறகு காந்தாரத்தைத் தேடுங்கள். 1848இல் மட்டக்களப்புக்கு வந்த பிரித்தானிய அதிகாரி எமர்சன் டெனன்ட், இரவில் நம் வாவியில் படகிலிருந்து கேட்ட பாடும் மீன் ஒலியை ஓர் இசைக் கோர்ட்டின் மெல்லிய அதிர்வுக்கு ஒப்பிட்டு எழுதினார். அது நீண்ட ஒற்றைச் சுரமாக இல்லாமல், ஒவ்வொன்றும் தனித்தனியே தெளிவாகக் கேட்கிற பல சின்ன ஒலிகளாக இருந்தது என்பது அவர் சொன்ன விவரம். கோர்ட்டைக் கேட்க வேண்டியதும் அந்தக் காதால்தான்.

சங்கராபரணத்துக்குள் ஏழு கோர்ட்

வெள்ளைக் கட்டைகள் மட்டும், சி முதல் பி வரை: சி மேஜர் ஸ்கேல், அதாவது சுர வரிசை. நமக்கு அது 72 தாய் ராகங்களில் (மேளங்களில்) 29ஆவது மேளம், தீரசங்கராபரணம். ஒவ்வொரு கட்டையிலும் தொடங்கி, கறுப்பைத் தொடாமல், சங்கிலிப்படி நான்கு சுரம் அடுக்குங்கள். சி-யில் சி மேஜர் 7. டி-யில் டி மைனர் 7. ஈ-யில் ஈ மைனர் 7. எஃப்-இல் எஃப் மேஜர் 7. ஜி-யில் வெறும் ஜி 7. ஏ-யில் ஏ மைனர் 7. பி-யில் வருவதைக் கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்.

கிரக பேதம் (ஒரு ராகத்தின் வேறொரு சுரத்தை ஸ ஆக்கிப் பார்ப்பது) படித்தவர்கள் இதை மனப்பாடம் செய்யவே தேவையில்லை. சங்கராபரணத்தின் ரி-யை ஸ ஆக்கினால் கரகரப்பிரியா. அதில் சாதாரண காந்தாரம், கைசிகி நிஷாதம். ஆகவே மைனர் 7. க-வை ஸ ஆக்கினால் தோடி, அதிலும் அப்படியே. ம-வில் கல்யாணி: அந்தரம், காகலி, ஆகவே மேஜர் 7. ப-வில் ஹரிகாம்போஜி: அந்தரம், கைசிகி, ஆகவே வெறும் 7. த-வில் நடபைரவி, மீண்டும் மைனர் 7. எனக்கு இது முதன்முதலில் விளங்கிய அன்று கல்லடிப் பாலத்தைச் சைக்கிளில் கடக்கும்போது ஏழு கோர்ட்டையும் ஏழு ராகமாகப் பாடிக்கொண்டே போனேன்.

நி-யை ஸ ஆக்கினால்? பஞ்சமம் கிடைக்காது, அதற்குப் பதிலாக இரண்டு மத்திமம் வந்து நிற்கும். அதனால் மேளராகம் எதுவும் பிறக்காது. கோர்ட்டிலும் அதே குறைதான் தெரிகிறது: பி, டி, எஃப், ஏ என்று அடுக்கிப் பார்த்தால் பி-க்கும் எஃப்-க்கும் 6 அரைச்சுரம்தான். 3, 3, 4 என்று ஏறுகிறது. சாதாரண காந்தாரம், கைசிகி நிஷாதம், ஆனால் பஞ்சமம் ஒரு படி இறங்கியிருக்கிறது. இதற்குப் பெயர் பி மைனர் 7 ஃபிளாட் 5. ஹாஃப் டிமினிஷ்ட் என்றும் சொல்வார்கள். தாளில் ஒரு சின்ன வட்டம், அதைக் குறுக்கே வெட்டி ஒரு கோடு.

ஜி 7 ஏன் தவிக்கிறது?

ஏழு கோர்ட்டில் வெறும் 7 என்ற பெயர் ஒன்றே ஒன்றுக்குத்தான் வந்தது, கவனித்தீர்களா? ஸ்கேலின் ஐந்தாவது படியில் நிற்கிற ஜி 7க்கு. அந்தப் படிக்கு டொமினன்ட் என்று பெயர், அதனால் இந்த வகைக் கோர்ட்டையே டொமினன்ட் செவன்த் என்று அழைப்பார்கள்.

ஜி, பி, டி, எஃப். இதில் பி-யையும் எஃப்-ஐயும் மட்டும் தனியே அழுத்திப் பாருங்கள். நடுவில் 6 அரைச்சுரம், எட்டாவதின் சரிபாதி. காதுக்கு முரணாக, எங்கேயோ போகத் துடிப்பதாகக் கேட்கும். இப்போது பி-யை ஒரு அரைச்சுரம் மேலே சி-க்கும், எஃப்-ஐ ஒரு அரைச்சுரம் கீழே ஈ-க்கும் நகர்த்துங்கள். இரண்டு விரலும் எதிரெதிர்த் திசையில் ஒரு கட்டைதான் நகர்ந்தன, ஆனால் வீட்டுக்கு வந்து சேர்ந்தாயிற்று. சி-யும் ஈ-யும் சி மேஜரின் அடியும் காந்தாரமும். எத்தனையோ பாட்டு முடிகிற இடத்தில் இந்த நகர்வுதான் நடக்கிறது. பைலாப் பாட்டுகளில் பல மூன்று கோர்ட்டிலேயே ஓடிவிடும். நம் ஊர்ப் பறங்கியர் கலியாண வீட்டில் ஆட்களை எழுப்பி ஆடவைக்கிற அந்தத் தாளத்துக்குள் காதைக் கொடுத்துக் கேளுங்கள், ஐந்தாவதிலிருந்து ஒன்றுக்கு விழுகிற இடம் கையில் அகப்படும்.

கரோல் பயிற்சியில் நடந்ததும் இதுதான். அந்தத் தாளில் சி 7க்கு அடுத்த கோர்ட் எஃப். சி-யில் இருந்து எஃப்-க்குப் போவது, ஜி-யில் இருந்து சி-க்குப் போவது போலத்தான். ஈ-யும் பி ஃபிளாட்டும் சேர்ந்து இழுத்தால்தான் எஃப் இனிக்கும். அவன் பி அழுத்தியதால் இழுவை இல்லாமல் போனது, அக்காமாருக்கு அடுத்த சுரம் கிடைக்கவில்லை.

மூன்று கோர்ட்டைக் கோத்துப் பழகுங்கள்: டி மைனர் 7, ஜி 7, சி மேஜர் 7. முதலாவதின் ஏழாவது சுரம் சி, அது ஒரு படி இறங்கி ஜி 7இன் பி ஆகிறது. ஜி 7இன் ஏழாவது சுரம் எஃப், அது ஒரு படி இறங்கி ஈ ஆகிறது. ஏழாவது சுரம் இறங்கத்தான் விரும்பும். வலக்கையில் விரல்களைத் தூக்கித் தூக்கிப் போடாமல், பக்கத்துக் கட்டைக்கு வழுக்கிப் போகிற மாதிரி வாசியுங்கள். ஒரு பாட்டுக்குள் செவன்த் கோர்ட்டுகள் அழகாக இருப்பதும் கரடுமுரடாக இருப்பதும் இதில்தான் தங்கியிருக்கிறது.

சுத்த நிஷாதமும் டிமினிஷ்ட் 7உம்

மேல் ஸட்ஜத்திலிருந்து மூன்று பின்னால் வருகிற ஏழாவதுக்குப் பெயர் சொல்கிறேன் என்றேன். டிமினிஷ்ட் கோர்ட்டின் மேல், 3, 3, 3 என்று சம அடியாக ஏறினால் அது வரும். சி, ஈ ஃபிளாட், ஜி ஃபிளாட், அடுத்தது ஏ கட்டை. ஆனால் சங்கிலியில் ஜி-க்கு அடுத்தது பி. ஆகவே அதை ஏ என்று எழுதக் கூடாது. பி-யை இரண்டு முறை இறக்கி, பி டபிள் ஃபிளாட் என்று எழுத வேண்டும்.

ஏ என்று சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று கேட்பவர்களுக்கு நான் நம் பக்கத்து விடையையே சொல்வேன். 72 மேளத்தில் சுத்த நிஷாதமும் சதுச்ருதி தைவதமும் ஒரே இடம்தான். ஆனால் கனகாங்கி ராகத்தில் அந்த இடத்தைத் தைவதம் என்று யாராவது சொல்வார்களா? தைவதம் ஏற்கெனவே கீழே வந்துவிட்டது, இது நிஷாதத்தின் முறை. டபிள் ஃபிளாட்டும் அதே காரணத்துக்காகத்தான். நம் முன்னோர் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு பெயர் வைத்தார்கள். காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகள் அந்தப் பழந்தமிழ் இசையை ஆராய்வதற்குப் பல வருடங்களைக் கொடுத்தார். எந்த முறையானாலும் ஏழு இடத்துக்கும் ஏழு பெயர் முறைப்படி வர வேண்டும் என்பது பொது.

எல்லா இடைவெளியும் சமம் என்பதால் இந்தக் கோர்ட்டை எந்தச் சுரத்திலிருந்து தொடங்கினாலும் அதே நான்கு கட்டைதான் அகப்படும். அதனால் 12 கட்டையிலும் சேர்த்து மூன்றே மூன்று பிடி போதும். ஏ-யை ஸ ஆக வைத்த கீரவாணியில் காகலி நிஷாதத்தின் மேல், ஜி ஷார்ப், பி, டி, எஃப் என்று இது தானாகவே பிறந்து ஏ மைனருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். தாளில் இதற்கு வெட்டுக் கோடு இல்லாத வெறும் வட்டமும் 7உம்.

புரட்டிப் போட்டால்

நான்கு சுரத்தில் எது அடியில் இருந்தாலும் கோர்ட்டின் பெயர் மாறாது. ஜி 7ஐ பி அடியில் வைத்து வாசித்தாலும் அது ஜி 7தான். தாளில் ஜி 7 எழுதி, சாய்கோடு போட்டு, பி என்று எழுதுவார்கள். புரட்டினாலும் அடிப்படைச் சுரம் அதுவே என்பதை 1722இல் பிரெஞ்சு இசையறிஞர் ராமோ விரிவாக விளக்கினார். அறிமுகமில்லாத நான்கு சுரத்தைக் கண்டால் அவற்றைச் சங்கிலி ஒழுங்கில் அடுக்கிப் பாருங்கள். எஃப், ஜி, பி, டி என்று கிடந்தால் சங்கிலியில் ஜி, பி, டி, எஃப். அவ்வளவுதான்.

ஒரேயொரு இடத்தில் கவனம். சி, ஈ, ஜி, ஏ என்ற நான்கும் சங்கிலிப்படி ஏ மைனர் 7. ஆனால் பேஸில், அதாவது ஆகக் கீழே ஒலிக்கிற சுரத்தில், சி ஊன்றி நின்று, பாட்டும் சி-யில் அமர்ந்திருந்தால் அதைச் சி 6 என்று எழுதுவார்கள். இரண்டும் சரி; பேஸையும் பாட்டையும் கேட்டு முடிவெடுங்கள்.

கிற்றார் பிடிக்கிறவர்களுக்கு

சி மேஜர் பிடியில் சுட்டுவிரல் இரண்டாவது கம்பியின் முதல் ஃபிரெட்டில் இருக்கும். அதைத் தூக்கினால் பி ஒலிக்கும்: சி மேஜர் 7. சுட்டுவிரலைத் திரும்ப வைத்து, சுண்டுவிரலை மூன்றாவது கம்பியின் மூன்றாவது ஃபிரெட்டில் ஊன்றினால் பி ஃபிளாட்: சி 7. ஏ மைனரில் மூன்றாவது கம்பியில் இருக்கிற மோதிரவிரலைத் தூக்கினால் ஜி வந்து ஏ மைனர் 7 ஆகும். ஈ மேஜரில் நான்காவது கம்பியின் விரலைத் தூக்கினால் டி வந்து ஈ 7. பிடிகளைப் படமாகப் பார்த்து மனப்பாடம் செய்வதைவிட, தூக்கிய விரல் எந்தச் சுரத்தை விட்டு எந்தச் சுரத்துக்கு வந்தது என்று ஒவ்வொரு முறையும் வாயால் சொல்லுங்கள்.

கொப்பியில் செய்து பாருங்கள்

ஒன்றை நான் செய்து காட்டுகிறேன். எஃப் ஷார்ப் மைனர் 7 ஃபிளாட் 5. சங்கிலி: எஃப், ஏ, சி, ஈ. அடி எஃப் ஷார்ப். அங்கிருந்து ஏ-க்கு 3, சரி. ஏ-யிலிருந்து சி-க்கு 3, சரி. சி-யிலிருந்து ஈ-க்கு 4, சரி. ஆகவே எஃப் ஷார்ப், ஏ, சி, ஈ. பெயர் பயமுறுத்துகிற அளவுக்குக் கறுப்புக் கட்டைகள் இல்லை, ஒன்றுதான்.

இனி நீங்கள். டி 7, ஈ ஃபிளாட் மேஜர் 7, பி மைனர் 7, சி ஷார்ப் டிமினிஷ்ட் 7. நான்கையும் முதலில் எழுத்துச் சங்கிலியாக எழுதி, பிறகு அரைச்சுரம் எண்ணி, பிறகு மட்டும் கீபோர்ட்டைத் தொடுங்கள்.

விடைகள்: டி, எஃப் ஷார்ப், ஏ, சி. அடுத்தது ஈ ஃபிளாட், ஜி, பி ஃபிளாட், டி. மூன்றாவது பி, டி, எஃப் ஷார்ப், ஏ. நான்காவது சி ஷார்ப், ஈ, ஜி, பி ஃபிளாட். கடைசிச் சுரத்தை ஏ ஷார்ப் என்று எழுதியிருந்தால் கட்டை சரி, பெயர் பிழை. சங்கிலியை இன்னொரு முறை சொல்லிப் பாருங்கள்: சி, ஈ, ஜி, பி.